மீசை வைத்த அம்மா

குஜராத்தில் குப்பை கொட்டும் நம்மவர்கள் காதில் 'மூச்சாளி மா' என்ற பெயர் எப்போதாவது விழுந்திருக்கும். மீசை வைத்த அம்மா என்று அர்த்தம். கிஜுபாய் பதேகா என்ற வக்கீலுக்கு ஜனங்கள் வைத்த பெயர்.

1885-ல் சௌராஷ்டிரத்தில் பிறந்தவர். 1907-ல் பிழைப்புக்காகக் கிழக்கு ஆப்பிரிக்கா போனார் (நம்ம கட்சிதான்!). திரும்பி வந்து வத்வானில் வக்கீல் தொழில். 1913-ல் மகன் பிறந்தான். இவனை எப்படி வளர்ப்பது என்று தேட ஆரம்பித்தபோது மாண்டிசோரி முறை பற்றிய புத்தகம் கையில் சிக்கியது. அவ்வளவுதான், 1916-ல் பாவ்நகர் தட்சிணாமூர்த்தி நிறுவனத்துக்கு வந்துவிட்டார். 1920-ல் அங்கே பால மந்திர் தொடங்கினார். பிரம்பு இல்லாத பள்ளிக்கூடத்தை யாரும் கற்பனைகூடச் செய்யாத காலம் அது.

அடிக்கக் கூடாது என்றால் இன்று நாம் எல்லோரும் தலையாட்டுவோம். ஆனால் மனுஷர் பரிசும் கூடாது என்றார். சாப்பிட்டு முடித்தால் சாக்லேட், வீட்டுப்பாடம் முடித்தால் மொபைல் என்று தினமும் பேரம் பேசிக்கொண்டிருக்கும் நமக்கு இதுதான் கசக்கும். பயத்துக்காகச் செய்வதும் ஆசைக்காகச் செய்வதும் ஒன்றுதான், இரண்டிலும் வேலையின் ருசி குழந்தைக்குத் தெரியாமலே போகிறது என்பது அவர் கட்சி. பட்டன் போடுவது, தண்ணீர் ஊற்றுவது, பெருக்குவது எல்லாமே மாண்டிசோரி முறையில் பாடம்தான். நாமோ ஆபீசுக்கு நேரமாச்சு என்று நாமே பட்டனைப் போட்டு விடுகிறோம்.

அவர் எழுதிய 'திவாஸ்வப்ன' கதையில் (தமிழிலும் 'பகல் கனவு' என்று வந்திருக்கிறது, அவசியம் படியுங்கள்) ஒரு வாத்தியார் நாலாம் வகுப்பை ஒரு வருஷத்துக்கு ஏற்றுக்கொள்வார். முதல் நாள் அமைதி விளையாட்டு என்று ஏதோ முயற்சி செய்ய, பையன்கள் போடும் சத்தத்தில் வகுப்பே சந்தையாகிவிடும். மறுநாள் ராஜா கதை ஆரம்பிப்பார். கூச்சல் போட்ட அதே கூட்டம் கப்சிப். கதை கேட்க உட்காரப் பழகிய பிறகுதான் ஒழுங்கு, சுத்தம், படிப்பு எல்லாம் மெல்ல மெல்ல உள்ளே வரும்.

அந்தக் கதைகளெல்லாம் குஜராத்தியில், வீட்டுப் பாட்டிகள் சொன்ன நாட்டுப்புறக் கதைகள். இங்கேதான் நமக்கு உறைக்க வேண்டும். பள்ளியில் இங்கிலீஷ், தெருவில் இந்தியோ குஜராத்தியோ பேசும் பிள்ளையிடம் "தமிழில் பேசுடா" என்று அதட்டினால், தமிழ் என்பது திட்டு வாங்கும் பாஷையாகிவிடும். ராத்திரி பத்து நிமிஷம் தெனாலிராமனையோ காக்கா நரியையோ தமிழில் சொல்லிப் பாருங்கள். பாதிக் கதையில் நிறுத்தினால் "அப்புறம்?" என்று அதுவே தமிழில் கேட்கும்.

கிஜுபாய் 1939 ஜூனில் காலமானார். அதே வருஷம் நவம்பரில் மாண்டிசோரி அம்மையார் நம்ம அடையாறில் வந்து இறங்கினார். இந்தியாவில் அந்த முறைக்காக இவ்வளவு உழைத்தவர் அதைப் பார்க்க இல்லை. ஐந்தே மாதம்!

பாவ்நகரில் அவரோடு வேலை பார்த்த தாராபாய் மோடக், 1945-ல் மகாராஷ்டிரத்தில் போர்டி என்ற ஊருக்குப் போனார். பழங்குடிக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. சரி என்று பள்ளியை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார். முற்றத்துக்கு அங்கே 'அங்கண்' என்று பெயர். நம் ஊர் அங்கன்வாடிக்குள் இருப்பதும் அந்த முற்றம்தான்.