வேட்டைக்காரர்களை ஊர் எப்போது புரிந்துகொள்ளும்? இருளர் வரலாறு சொல்லும் பாடம்



அண்மையில் கல்லூரி மாணவர்களுடன் ஒரு வாசிப்பு வட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். பழங்குடிகளின் உரிமை பற்றிப் பேச்சு வந்தது. முதலாமாண்டு படிக்கும் தங்கை ஒருத்தி கேட்டாள்: "அக்கா, நில உரிமை, சாதிச் சான்றிதழ் எல்லாத்துக்கும் நான் கூட நிக்கிறேன். ஆனா வேட்டையாடுறதை எப்படி ஆதரிக்க முடியும்? அது உயிரைக் கொல்றதுதானே?"

நியாயமான கேள்வி. காடும் உயிரினங்களும் அழிந்துவருவது உண்மை. அதைப் பற்றிக் கவலைப்படும் தலைமுறை வளர்ந்திருப்பது நல்ல செய்தி. ஆனால் அந்தக் கேள்வி ஏன் எப்போதும் ஏழை வேட்டைக்காரரை நோக்கியே கேட்கப்படுகிறது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதே வேட்டைக்காரர்கள் ஒருமுறை ஊரின் புரிதலை வென்று காட்டியதும் வரலாறுதான். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தத் தங்கைக்குப் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறோம்.

யார் செய்தால் வீரம், யார் செய்தால் குற்றம்?

இந்தியாவின் காட்டு விலங்குகளை அழித்தது யார்? 1875-க்கும் 1925-க்கும் இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் 80,000-க்கும் மேற்பட்ட புலிகள் கொல்லப்பட்டன என்பது வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜனின் மதிப்பீடு. தலைக்குப் பணம் கொடுத்துப் புலியைக் கொல்ல வைத்தது பிரிட்டிஷ் அரசு. பொழுதுபோக்குக்காகச் சுட்டார்கள் துரைமார்கள். எண்ணிக்கைப் பெருமைக்காகச் சுட்டார்கள் மன்னர்கள். சர்குஜா மகாராஜா ஒருவர் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புலிகளைச் சுட்டதாகப் பெருமை பேசப்பட்டது. 1911-இல் முடிசூட்டு விழாவுக்கு வந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நேபாளக் காட்டில் நடத்திய ஒரே வேட்டைப் பயணத்தில் 39 புலிகள் விழுந்தன.

இதற்குப் பெயர் வீரம். அந்தத் தோல்கள் அரண்மனைச் சுவர்களில் இன்றும் தொங்குகின்றன.

நம் மலையிலும் இதே கதைதான். 1879-இல் நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெயரில் பாதுகாப்பு இருந்தாலும் உரிமம் வாங்கித் துப்பாக்கி தூக்கும் துரைக்கு விலங்கு மிஞ்ச வேண்டும் என்பதே அதன் உள்நோக்கம். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காலங்காலமாகக் காட்டில் கிழங்கு தோண்டி, தேன் எடுத்து, சிறு விலங்கு பிடித்துத் தின்றவர்கள் தங்கள் காட்டுக்குள்ளேயே அத்துமீறியவர்கள் ஆனார்கள். இன்னொரு பக்கம், 1871-இல் வடக்கே தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பின் சென்னை மாகாணத்தையும் பிடித்தது. அலைந்து பிழைத்த சமூகங்களைப் பிறப்பிலேயே திருடர்கள் என்று எழுதிவைத்தது. சட்டம் ஒழிந்தது, காவல் நிலையத்தின் பார்வை ஒழியவில்லை.

இதோடு சாதியின் கணக்கையும் சேர்க்க வேண்டும். பெரிய புராணத்தின் கண்ணப்பர் வேடர். தான் வேட்டையாடிய இறைச்சியைச் சுவை பார்த்துச் சிவனுக்குப் படைத்தவர். அவருக்குக் கோயிலில் சிலை இருக்கிறது. முருகனின் வள்ளி வேடர் குலத்தில் வளர்ந்த பெண். அவளுக்குக் கல்யாண உற்சவம் நடக்கிறது. ஆனால் உயிரோடு இருக்கும் வேடர் எலி தின்கிறார் என்பதற்காகத் தெருவுக்குள் விடப்படுவதில்லை. கல்லில் நின்றால் கும்பிடுகிற சமூகம் கண்ணெதிரில் நின்றால் மூக்கைப் பொத்துகிறது. வேட்டை எதிர்ப்பு என்ற பெயரில் நாம் கேட்கும் குரல்களில் எவ்வளவு உயிரிரக்கம், எவ்வளவு தீட்டுக் கணக்கு என்று பிரித்துப் பார்க்க இளைஞர்கள் பழக வேண்டும்.

ஒரு தொழில் ஒரே நாளில் குற்றமானபோது

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பகுதிகளில் வாழும் இருளர்கள் பாம்பும் எலியும் பிடிப்பதில் தேர்ந்தவர்கள். வயல் வரப்பில் ஒரு வளையைப் பார்த்தாலே உள்ளே எலி இருக்கிறதா, எலியைத் தின்று பாம்பு படுத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். வளை வாயில் மண் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும் விதம், எச்சம், உரித்துப்போட்ட சட்டை எல்லாம் அவர்களுக்குப் பாடப்புத்தகம். கையில் ஒரு கடப்பாரை, ஒரு துணிப்பை. வேறு கருவி கிடையாது.

இந்த அறிவை முதலில் விலை கொடுத்து வாங்கியது தோல் வணிகம். வெளிநாட்டில் கைப்பையும் செருப்பும் செய்யப் பாம்புத்தோல் போனது. லாபம் ஏற்றுமதி செய்தவர்களுக்கு, சில்லறைக் காசு இருளருக்கு. 1972-இல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் பாம்புத்தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. தடை தேவையானதுதான், அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஏற்றுமதியாளர் வேறு தொழிலுக்குப் போனார், இருளர் எங்கே போவார்? நிலம் இல்லை, பட்டா இல்லை, படிப்பு இல்லை. அரிசி ஆலையும் மரவெட்டும் முன்பணம் கொடுத்துக் கொத்தடிமைகளாக்கக் காத்திருந்தன. சட்டத்தை எழுதிய யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

1978: புரிதலை வென்ற விதம்

1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இன்றும் இயங்குகிறது. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் இதற்குத் துணை நின்றார். அவருக்குப் பாம்பைத் தேடக் கற்றுக்கொடுத்தவர்களே இருளர்கள்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சங்கம் செய்தது எளிமையான ஒரு மாற்றம். பாம்பைக் கொன்று தோலை விற்பதற்குப் பதில், பிடித்து, விஷம் எடுத்து, திரும்ப விட்டுவிடுவது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு வகை மட்டும். பிடித்த பாம்பை மணல் போட்ட மண்பானையில் விட்டு வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். சில வாரங்களில் மூன்று நான்கு முறை விஷம் எடுப்பார்கள். வயிற்றுச் செதிலில் ஒரு சிறு அடையாளம் இட்டுக் காட்டில் விடுவார்கள். அடையாளம் இருக்கும் பாம்பை மறுபடி பிடிப்பதில்லை. சில முறை சட்டை உரித்தபின் அடையாளம் தானாக மறைந்துவிடும். எடுத்த விஷத்தைப் பொடியாக்கி, விஷமுறிவு மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்கு விற்பார்கள்.

இதன் எடை என்ன? 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து உழைப்பாளிகள். வயலில் கடிபட்டு அரசு மருத்துவமனைக்கு ஓடும் விவசாயக் கூலிக்கு ஏற்றப்படும் மருந்தின் மூலப்பொருள், நீண்ட காலமாக இந்த நாட்டில் பெருமளவு இருளர் கைவழியாகத்தான் வந்திருக்கிறது.

இங்கே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, இருளர்கள் தங்கள் வேட்டை அறிவை விட்டுவிடச் சொல்லப்படவில்லை. அதே அறிவு வேறு நோக்கத்துக்குத் திரும்பியது. இரண்டு, அது தொண்டு நிறுவனத்தின் கருணையாக நடக்கவில்லை. உறுப்பினர்கள் கொண்ட கூட்டுறவுச் சங்கமாக நடந்தது. மூன்று, மறைவாக நடக்கவில்லை. விஷம் எடுப்பதைப் பொதுமக்கள் நேரில் பார்த்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் பார்த்தார்கள். பாம்பாட்டி என்று ஏளனம் செய்த வாய்கள் கேள்வி கேட்கத் தொடங்கின. எந்தப் பாம்புக்கு விஷம் உண்டு, கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று வேட்டைக்காரர் சொல்ல, ஊர் கேட்டது. புரிதல் பிறந்தது அங்கேதான்.

2017-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே சதுப்புக் காட்டில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க உள்ளூர் வேட்டைக்காரர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் முதல் இரண்டு வாரங்களுக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

புரிதல் போதுமா?

இத்தோடு முடித்தால் இது ஒரு நல்ல வெற்றிக்கதை. ஆனால் முடிக்க முடியாது.

வனவுயிர் சட்டத்தில் பிடிப்பதும் வேட்டைதான். உயிர்காக்கும் மருந்துக்காக விஷம் எடுக்க அனுமதி தரலாம் என்று பிரிவு 12 சொல்வதால்தான் சங்கம் நடக்கிறது. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறை முடிவு செய்கிறது. அனுமதி தாமதமானால் அடுப்பு எரிவதும் தாமதமாகும். சங்க உறுப்பினர்கள் சில நூறு பேர்தான். இருளர்கள் லட்சத்துக்கும் மேல். சங்கத்துக்கு வெளியே இருப்பவருக்குக் கிடைப்பது இன்னும் செங்கல் சூளையும் மரவெட்டும், திருட்டு நடந்தால் முதலில் தேடி வரும் போலீஸ் ஜீப்பும்தான். 2021-இல் 'ஜெய் பீம்' படம் பார்த்து நாடே அழுதது. அந்தப் படத்துக்கு அடிப்படையான வழக்கு 1993-இல் நடந்தது. படம் பார்த்து அழுதவர்களில் எத்தனை பேர், பழங்குடிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலக வாசலில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் இருளர் பிள்ளையோடு போய் நின்றோம்?

2006-இன் வன உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். தேன் எடுக்கலாம், கிழங்கு எடுக்கலாம், மரபான உரிமைகள் எல்லாம் உண்டு, வேட்டை மட்டும் கிடையாது என்று எழுதியிருக்கிறது. ஆனால் 1972-இன் சட்டமோ நிக்கோபார் தீவுப் பழங்குடிகளின் வேட்டை உரிமையைத் தொடவில்லை. ஆக, பிரித்துப் பார்க்கச் சட்டத்துக்குத் தெரியும். யாருக்காகப் பிரிப்பது என்பது அரசியல்.

இன்னொரு சங்கடமான கேள்வியும் இருக்கிறது. இருளரை ஊர் மதித்தது அவர்கள் பயன்பட்டதால். விஷம் எடுத்துத் தராத இருளருக்கு மதிப்பு இல்லையா? ஊசிமணி விற்கும் நரிக்குறவர், உலகை எந்த விதத்திலும் காப்பாற்றாவிட்டாலும், பேருந்தில் நம் பக்கத்தில் உட்காரலாம்தானே? மனிதராக மதிக்கப்படுவதற்குத் தகுதித் தேர்வு வைக்கும் பழக்கம் சாதியிடமிருந்து வந்தது. அதை நாமும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்தத் தங்கைக்கு

அதனால் அந்தத் தங்கைக்கு எங்கள் பதில் இதுதான். யானையைக் கொன்று தந்தம் கடத்தும் கும்பலை நாங்கள் ஆதரிக்கவில்லை. அழிந்துவரும் உயிர்களைக் காக்கும் சட்டம் வேண்டும். ஆனால் பசிக்கு எலி பிடிப்பவரையும் கடத்தல்காரரையும் ஒரே கூண்டில் ஏற்றும் பார்வை வேண்டாம். காட்டைக் காப்பது பற்றிப் பேசும் மேடையில் காட்டை அறிந்தவர்கள் உட்கார வேண்டும். அவர்களுக்காக நாம் பேசுவதைவிட, அவர்கள் பேசும்போது ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பது நல்ல வேலை.

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். பல மாவட்டங்களிலிருந்து இருளர்கள் கூடியிருப்பார்கள். மணலில் கன்னியம்மனுக்குப் படையல் நடக்கும், கல்யாணங்கள் நடக்கும். படம் எடுக்கப் போகாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள். வரப்பில் வளையைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேளுங்கள். சான்றிதழ் கிடைத்ததா என்றும் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டு திங்கள்கிழமை மனுநாளில் அவர்களோடு போய் நில்லுங்கள்.

ஜெய் பீம்.