சிவப்பு மீப்பெரு விண்மீன்களின் மூலக்கூறு அடுக்குகள்

திருவாதிரை, கேட்டை, மியூ செஃபை ஆகியவை சிவப்பு மீப்பெரு விண்மீன்கள். இவற்றின் ஒளிமண்டலத்திற்கு மேலே நீராவி, கார்பன் மோனாக்சைடு போன்ற மூலக்கூறுகளாலான அடுக்கு சூழ்ந்துள்ளது. விலகி நிற்கும் தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றிணைத்து நுண்ணிய கோண அளவுகளைக் கண்டறியும் குறுக்கீட்டுமானம் என்ற முறையே இவ்வடுக்கின் இடத்தையும் அளவையும் காட்டியது.

முதல் அளவீடு

1920 டிசம்பரில் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வான்காணகத்தில் ஆல்பர்ட் மைக்கல்சன், பிரான்சிஸ் பீஸ் ஆகியோரின் முயற்சியால் திருவாதிரையின் விட்டம் அளக்கப்பட்டது. 100 அங்குலத் தொலைநோக்கியின் மேல் பொருத்தப்பட்ட 20 அடிக் குறுக்கீட்டுமானி, அதன் கோண விட்டம் 0.047 வில்நொடி எனக் காட்டியது. (ஒரு பாகை 3600 வில்நொடிகள் கொண்டது.) சூரியனைத் தவிர வேறொரு விண்மீனின் விட்டம் நேரடியாக அளக்கப்பட்டது அதுவே முதன்முறை.

ஏற்கப்படாத நீராவி

1963இல் ஸ்ட்ராட்டோஸ்கோப் 2 என்ற பலூன் தொலைநோக்கி, திருவாதிரையின் அகச்சிவப்பு நிறமாலையில் நீராவியின் தடயத்தைப் பதிவு செய்தது. சுமார் 3600 கெல்வின் வெப்பமுள்ள ஒளிமண்டலத்தில் இவ்வளவு நீராவி இருக்க இயலாது என்பதால், அத்தடயம் சயனோஜன் மூலக்கூறுக்கு உரியது என விளக்கப்பட்டது. ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்குப் பின், 2000இல், ஜப்பானிய வானியலாளர் தகாஷி சூஜி பழைய தரவுகளை மீண்டும் ஆராய்ந்தார். தடயம் நீராவியுடையதே என்றும், அது ஒளிமண்டலத்தில் அல்லாமல் அதற்கு வெளியேயுள்ள குளிர்ந்த அடுக்கில் உள்ளது என்றும் அவர் கூறினார்.

உறுதிப்பாடு

இதற்கிடையே வேறொரு புதிரும் இருந்தது. 2 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் சுமார் 43 மில்லி வில்நொடியாக இருந்த திருவாதிரையின் விட்டம், 11 மைக்ரோமீட்டரில் சுமார் 55 ஆகத் தெரிந்தது. 2004இல் கி பெரின் தலைமையிலான குழு இரு அளவீடுகளையும் ஒரே மாதிரியால் விளக்கியது. விண்மீனின் ஆரத்தைப்போல் சுமார் 1.33 மடங்கு தொலைவில், ஏறத்தாழ 2050 கெல்வின் வெப்பமுள்ள அடுக்கு உள்ளது. 2 மைக்ரோமீட்டரில் அதன் வழியே விண்மீன் தெரிகிறது. 11 மைக்ரோமீட்டரில் அடுக்கே விண்மீனை மறைத்துப் பெரிதாகக் காட்டுகிறது. 2005இல் அரிசோனாவின் ஐயோட்டா குறுக்கீட்டுமானியைக் கொண்டு, மியூ செஃபையைச் சுற்றியும் சுமார் 1.3 மடங்கு ஆரத்தில் இத்தகைய அடுக்கு இருப்பதை அக்குழு கண்டறிந்தது.

முக்கியத்துவம்

இவ்விண்மீன்கள் தம் பொருளை விண்வெளியில் இழப்பது இவ்வடுக்குகளின் வழியேதான். 2017இல் கெயிச்சி ஒனாக்கா குழுவினர் சிலியிலுள்ள மிகப்பெரும் தொலைநோக்கிக் குறுக்கீட்டுமானியால் கேட்டையின் வளிமண்டல வேக வரைபடத்தை உருவாக்கினர். அதில் வளிமத் திரள்கள் கொந்தளித்து ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தன. வெப்பச்சலனத்தால் மட்டும் வளிமத்தை அவ்வளவு உயரத்திற்குத் தூக்க இயலாது என்பதால், அதை உந்தும் விசை எது என்ற தேடல் தொடர்கிறது.