சாயத்தொட்டியிலிருந்து வெல்லக் கொப்பரைக்கு

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சாயப்பட்டறை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பேன். நீலத்தொட்டியிலிருந்து எடுக்கும் நூல் சிட்டம் நீலமாக இருக்காது. மஞ்சளும் பச்சையும் கலந்த ஏதோ ஒரு நிறம். வெயிலில் உதறிப் பிடித்ததும் கண் முன்னாலேயே நீலம் ஏறும். "ஹைட்ரோஸ் சாயத்தத் தூங்க வச்சிருக்கு தம்பி, காத்து பட்டா முழிச்சுக்கிரும்" என்பார் அங்கிருந்த அண்ணன். அந்த வெள்ளைத்தூளின் மூச்சடைக்கும் வாடை, தீக்குச்சி உரசியதும் எழுமே, அதேதான். சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கந்தகத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பல வருடம் கழித்து ஒரு பொங்கலுக்குத் திருச்சுழி அத்தை வீட்டுக்குப் பளபளவென்று மஞ்சள் வெல்லம் வாங்கிப் போனேன். அத்தைக்கு இளைப்பு உண்டு. முகர்ந்து பார்த்துவிட்டு, "இது வேணாம்யா, எனக்குக் கருப்பட்டி போதும்" என்று ஒதுக்கிவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தை பள்ளிக்கூடம் போகாதவர்.

கரும்புச்சாறு காய்ந்தால் பழுப்பாவது இயல்பு. முன்பெல்லாம் சுண்ணாம்பும் வெண்டைத்தண்டுச் சாறும் விட்டு அழுக்கை நுரையாகத் திரட்டி எடுப்பார்கள். வெல்லமும் பழுப்பாகத்தான் இருக்கும். மஞ்சளுக்கு விலை கூடியபோது கொப்பரைக்குள் ஹைட்ரோஸ் வந்தது. சோடியம் ஹைட்ரோசல்ஃபைட். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் நீலச்சாயத் தொட்டிகளுக்காகப் பெருமளவில் செய்யத் தொடங்கிய சரக்கு. உணவில் சேர்க்க இங்கே அனுமதி கிடையாது. சேலம் ஓமலூர் வட்டாரத்து வெல்ல ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சர்க்கரை மூட்டைகளோடு இதையும் பறிமுதல் செய்த செய்தி பலமுறை வந்திருக்கிறது.

ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். கந்தகம் உணவில் பட்டாலே விஷம் என்று வாட்ஸ்அப் மாமாக்கள் அனுப்புவது தப்பு. ஒயின் பீப்பாய்க்குள் கந்தகம் கொளுத்துவது ஐரோப்பாவில் பல நூற்றாண்டுப் பழக்கம். நம் வெள்ளைச் சர்க்கரை பெரும்பாலும் கந்தகப் புகை செலுத்திய சாற்றில்தான் வெளுக்கிறது. சல்ஃபைட் கிருமியைத் தடுக்கும், பழம் கறுப்பதையும் தடுக்கும். அதனால்தான் பழைய கலப்படத் தடுப்பு விதிகள் வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றன. உலர்திராட்சைக்கு 750.

உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு சொன்ன வரம்பு, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 42. விதிக்குள் நிற்கும் வெல்லம் என்றால் 600 கிராம் தின்றால்தான் அதைத் தொட முடியும். வரம்பின் உச்சத்தில் இருக்கும் பொன்னிறத் திராட்சையோ 56 கிராமே போதும், பாயசத்துக்கு அள்ளிப்போடும் ஒன்றிரண்டு கைப்பிடி. கணக்குப் போட்டபோது எனக்கே திக்கென்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல், தரவு போதாதென்று இந்த வரம்பையே விலக்கிக்கொண்டது.

சண்டை புதிதல்ல. அமெரிக்காவில் ஹார்வி வைலி 1902-இல் தொடங்கி இளைஞர்களுக்குச் சோறு போட்டுச் சோதித்த பொருள்களில் சல்ஃபைட்டும் ஒன்று. அவர் கட்டுப்பாடு கேட்டதும் கலிபோர்னியாவின் உலர்பழக்காரர்கள் கொதித்தார்கள். ரூஸ்வெல்ட் வேறொரு நிபுணர் குழுவை அமைத்து அவரை ஓரங்கட்டினார். 1980-களில் உணவகங்களில் கீரை வாடாமலிருக்கச் சல்ஃபைட் தெளித்தார்கள். அதைத் தின்ற ஆஸ்துமாக்காரர்கள் மூச்சு முட்டினார்கள். சல்ஃபைட்டோடு தொடர்புபடுத்தி 13 சாவுகள் பதிவான பிறகே, 1986-இல், பச்சையாகத் தின்னும் காய்கனிகளில் தடை வந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. ஆஸ்துமாக்காரர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் வரை பாதிக்கப்படலாம் என்கிறார்கள். அத்தை அந்த ஐந்தில் ஒருத்தியா? அவருக்கு அடுப்புப் புகையும் சேராது. நிரூபிக்க என்னால் ஆகாது. ஆனால் 42-ம் 70-ம் ஊருக்குச் சராசரி. அத்தை சராசரி இல்லை.

அன்று திருப்பிக் கொண்டுவந்த வெல்லத்தில் ஒரு உருண்டை அடுக்களை அலமாரியில் கிடந்தது. ஆடி வாக்கில் எடுத்தால் பழுப்பேறியிருந்தது. ஹைட்ரோஸ் நிறத்தைக் கொல்வதில்லை. சாயப்பட்டறை அண்ணன் சொன்னது வெல்லத்துக்கும் பொருந்தியது.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார். கருப்பட்டி மட்டும் யோக்கியமா என்று நானும் விடவில்லை. பதநீர்க் கலயத்தில் தடவும் சுண்ணாம்புதான் இந்தக் கரிசல் காட்டின் ஆதி பதப்படுத்தி, அது புளிக்க விடாது. ஆனால் பனையேற ஆள் குறைந்துபோனதில் பதநீரோடு சர்க்கரைப் பாகைச் சேர்த்துக் கருப்பட்டி ஊற்றுவது ஊரறிந்த ரகசியம். அந்தச் சர்க்கரையும் கந்தகப் புகை கண்டுதான் வந்திருக்கும்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஓலைக்கொட்டானிலிருந்து ஒரு கருப்பட்டியை எடுத்து, உடைத்து, முகர்ந்து பார்த்து என்னிடம் நீட்டினார். "நீ பாரு."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பனை வாசனை மட்டும்தான் வந்தது.