டென்னிஸ் மட்டை: வடிவமும் மூலப்பொருளும்

டென்னிஸ் மட்டை என்பது நரம்பு பின்னிய தலை, கழுத்து, கைப்பிடி ஆகியவை சேர்ந்த விளையாட்டுக் கருவி. வால்டர் விங்ஃபீல்ட் 1874இல் இங்கிலாந்தில் புல்தரை டென்னிஸுக்குக் காப்புரிமை பெற்றபோது அது மரத்தால் ஆனது. அடுத்த நூறாண்டும் பெரும்பாலும் மரமாகவே இருந்தது. இலங்கை மலையகத்துக்கு இவ்விளையாட்டு தேயிலைத் துரைமாரோடு வந்தது. கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன் பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றில் துரை பங்களாவை ஒட்டி டென்னிஸ் தளமும் இருந்தது. 1876இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பில் இன்றும் தளங்கள் உண்டு.

ஆரம்பத்தில் ஒரே ஆஷ் மரச் சட்டத்தை ஆவியில் பதப்படுத்தி வளைத்தார்கள். 1930களில் மெல்லிய மரப்பட்டிகளைப் பசையிட்டு அடுக்கும் முறை பரவியது. டன்லொப் 1931இல் கொண்டுவந்த மேக்ஸ்பிளை அவ்வகையில் புகழ்பெற்றது. ஆனால் எத்தனை அடுக்கு ஒட்டினாலும் மரம் ஈரத்தைக் குடிக்கும். இரண்டு பருவ மழையும் எட்டிப்பார்க்கும் மலைநாட்டில் இது பெருந்தொல்லை. ஆட்டம் முடிந்ததும் மட்டையின் தலையை இரு மரச் சட்டங்களுக்கு நடுவே வைத்து, நான்கு மூலைத் திருகாணிகளையும் ஒரே அளவாக இறுக்கிவிடுவார்கள். ஒரு மூலை தளர்ந்திருந்தாலும் தலை முறுகிவிடும். ஆட்டுக் குடலிலும் பின்னர் மாட்டுக் குடலிலும் செய்த நரம்போ மழை பட்டால் ஊறி, பிரிபிரியாகிவிடும்.

சென்னையின் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதிக்குச் சென்றது மர மட்டைக் காலத்தில்தான். அவருடைய ஆட்டத்தின் மென்மையை வியக்கும்போது அந்த மட்டையின் இயல்பையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இழுத்துக் கட்டிய நரம்புகள் சட்டத்தைப் பல நூறு கிலோ விசையோடு உள்நோக்கி நெருக்கும். தலையைப் பெரிதாக்கினால் மரம் அதைத் தாங்காது, தாங்கும்படி தடித்தால் கை தாங்காது. எனவே தலையின் பரப்பு 70 சதுர அங்குலத்தை ஒட்டியே நின்றது. நடுவில் பந்தைச் சந்திக்காதவருக்கு மர மட்டை சலுகை காட்டவில்லை.

இந்தத் தளையை உலோகம் உடைத்தது. பிரெஞ்சு வீரர் ரெனே லாகோஸ்ட் 1953இல் எஃகுக் குழாய் மட்டைக்குக் காப்புரிமை பெற்றார். வில்சன் நிறுவனம் அதை 1967இல் டி2000 என்ற பெயரில் சந்தைக்கு விட்டது. ஆனாலும் உண்மையான திருப்பம் எனக் கருதத்தக்கது, ஹவர்ட் ஹெட் 1976இல் பிரின்ஸ் நிறுவனம் வழியாகத் தந்த 110 சதுர அங்குல அலுமினிய மட்டை. ஓரத்தில் பட்ட பந்தும் வலையைத் தாண்டியது. புதிதாகப் பழகுவோர் இதனால் அடைந்த பலன் பெரிது.

மட்டை எப்படி இருக்க வேண்டும் என்று அதுவரை விதியே கிடையாது. 1977இல் இரட்டை அடுக்காக, பின்னாமல் நரம்பு கட்டிய 'ஸ்பகெட்டி' மட்டை பந்தைக் கட்டுக்கடங்காமல் சுழற்றியது. களிமண் தளத்தில் தொடர்ந்து 53 ஆட்டங்களை வென்றிருந்த கியெர்மோ விலாஸ், அதை ஏந்திய இலி நஸ்டாசேயுடனான ஆட்டத்தை நடுவிலேயே கைவிட்டார். சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் அதைத் தடைசெய்து, 1978இல் மட்டைக்கு முதல் விதியை எழுதியது. இன்றைய விதிப்படி மட்டையின் நீளம் 29 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

1981 விம்பிள்டன் இறுதியில் போர்க், மெக்கன்ரோ இருவர் கையிலும் மரமே இருந்தது. யானிக் நோவா 1983இல் பிரெஞ்சுப் பட்டம் வென்றதும் மரத்தால்தான். ராமநாதனின் மகன் ரமேஷ் 1986இல் விம்பிள்டன் காலிறுதிக்கு வந்தபோது மர மட்டை அரிதாகிவிட்டது.

அதன் இடத்தைப் பிடித்ததைக் கிராபைட் மட்டை என்கிறோம். கேகாலை மாவட்டத்துப் போகல சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் கிராபைட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. செயற்கை இழைகளை ஒட்சிசன் இல்லாத உலையில் 1000 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கிப் பெறும் காபன் நார் இது. பிசினில் தோய்த்த நார்த் தாள்களைக் குழாயாகச் சுருட்டி, அச்சில் வைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்துச் சுடுகிறார்கள். எந்த இடம் வளைய வேண்டும், எந்த இடம் விறைக்க வேண்டும் என்பதை நாரின் திசையாலேயே தீர்மானிக்கலாம். மரம் இந்தச் சுதந்திரத்தைத் தந்ததே இல்லை. எடையும் 300 கிராம் அளவுக்கு இறங்கியது. மழைக்கால ஈரத்தில் சட்டம் முறுகும் கவலையும், திருகாணிச் சட்டமும் அத்தோடு ஒழிந்தன.

சட்டத்துக்குப் பிறகு நரம்பு மாறியது. குஸ்டாவோ குவேர்டன் 1997இல் பொலியெஸ்டர் நரம்போடு பிரெஞ்சுப் பட்டம் வென்றார். வழுக்கிச் சென்று சட்டென இடத்துக்குத் திரும்பும் அந்த நரம்பு, விதிக்குள் நின்றபடியே பந்துக்குக் கூடுதல் சுழற்சி தருகிறது.