பட்டா இல்லாதவரின் நீர்: நெய்வேலிச் சுரங்கமும் சட்டத்தின் எல்லைக்கோடும்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை வெட்டுவதற்கு முன் நீரை இறைத்தாக வேண்டும். நிலக்கரிப் படிவத்தின் கீழே, கடலூர் மணற்கல் அடுக்கில், மேல்நோக்கி அழுத்தும் நிலத்தடி நீர் இருக்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் அடித்தளத்தை உடைத்துக்கொண்டு நீர் பீறிடும். ஆகவே, 1961இல் முதன்முதலாக நிலக்கரி வெளிப்பட்ட காலம் தொட்டு இரவு பகலாக நீர் இறைக்கப்பட்டு வருகிறது.

இறைக்கும் இடத்தைச் சுற்றி நீர்மட்டம் புனல் வடிவில் தாழ்கிறது. அப்புனலின் விளிம்பு சுரங்க வேலியோடு நின்றுவிடுவதில்லை. மோட்டார் இன்றியே நீர் பொங்கிய ஊற்றுக் கிணறுகள் ஒரு காலத்தில் இவ்வட்டாரத்தில் இருந்தன. இறைத்த நீர் அனல்மின் நிலையங்களுக்கும் பாசனத்துக்கும் பயன்படுகிறது என்று என்.எல்.சி. நிறுவனம் கூறுகிறது. அது உண்மையே. ஆயினும் பாசன நீர் நிலம் உடையவரின் வயலுக்கே செல்கிறது. சேரியின் அடிபம்பு வறண்டால் அதற்கு அந்த வாய்க்கால் ஈடாகாது.

சட்டம் யாரைக் காண்கிறது?

1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், ஒருவர் தம் நிலத்தின் அடியிலுள்ள நீரை எடுத்துக்கொள்வதை நில உடைமையின் உரிமையாக ஏற்கிறது. நிலம் இல்லையெனில் நீரின்மீது உரிமையும் இல்லை. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் ஒரு படி முன்னேறி, நிலமற்ற விவசாயத் தொழிலாளரையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என ஏற்றது. ஆனால், கையகப்படுத்தலுக்கென அறிவிக்கப்பட்ட பகுதியில் மூன்றாண்டுகள் உழைத்தவருக்கே அது பொருந்தும். எல்லைக்கு வெளியே கிணறு வறண்டு, அதனால் கூலி வேலையை இழந்தவர் அந்த வரையறைக்குள் வருவதில்லை. தமிழ்நாட்டிலோ, 1997ஆம் ஆண்டின் தொழில்நோக்க நிலமெடுப்புச் சட்டத்தின்கீழ் நிலம் எடுத்தால் சமூகத் தாக்க மதிப்பீடே தேவையில்லை. அந்த விலக்குக்கு 2021இல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது.

2023 ஜூலையில் பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிர் அழிக்கப்பட்டபோது நாடே பேசியது. பயிருக்கு இழப்பீடு கேட்க நீதிமன்றம் இருந்தது. தாழ்ந்துபோன நீர்மட்டத்துக்கு அத்தகைய கணக்கு எதுவும் இல்லை.

செங்கல்பட்டு தரும் பாடம்

முட்டுக்காட்டிலிருந்து இதை எழுதும் நமக்கு இந்நிலமின்மை புதிதன்று. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் அளித்த அறிக்கையே பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்தது. அந்நிலங்களிற் பெரும்பகுதி பின்னர் கைமாறிப்போனது. அன்று பறிபோன நிலத்தோடு, இன்றைய சட்டத்தின் கண்ணில் நிலத்தடி நீரும் பறிபோகிறது. மாநிலம் முழுவதற்குமான 2003ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கு வராமலேயே 2013இல் நீக்கப்பட்டது. சென்னையையும் அதைச் சுற்றிய ஊர்களையும் தழுவும் 1987ஆம் ஆண்டுச் சட்டம் நெய்வேலிக்குப் பொருந்தாது.

நாம் கோருவது

நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் அறங்காவலர் என்று பிளாச்சிமடா வழக்கில் 2003இல் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. எனினும் அக்கோட்பாட்டைச் சட்டமாக்கச் சட்டமன்றத்துக்குத் தடையேதும் இல்லை. அதுவரை மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு சேரியிலும் நீர்மட்டத்தை அளந்து, அவ்வளவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும். இரண்டாவது, பாதிக்கப்பட்ட பகுதியை வருவாய்த் துறையின் சர்வே எண்ணைக் கொண்டு அல்லாமல் நீர்மட்டச் சரிவைக் கொண்டு வரையறுக்க வேண்டும். மூன்றாவது, பட்டா கேட்காமல், வறண்ட ஊர்களுக்கு நிறுவனச் செலவில் நிரந்தரக் குடிநீர் வழங்க வேண்டும்.

தூய நீர் வாழ்வுரிமையின் பகுதி என்று 1991இலேயே உச்ச நீதிமன்றம் கூறியது. அரசமைப்பின் 21ஆம் பிரிவு யாரிடமும் பட்டா கேட்பதில்லை.