மறதிநோயில் விழுங்கல் சிரமம்

மறதிநோய் முற்றும்போது மெல்லுதலையும் விழுங்குதலையும் ஒருங்கிணைக்கும் மூளைத்திறன் குறைவதால் தோன்றும் நிலை. அல்சைமர் நோயில் உணவை உணவென்று அறியாமையும், வாயிலேயே அடக்கி வைத்திருத்தலும் மிகுதி. இரத்தநாளக் கோளாறால் வரும் மறதிநோயில் தொண்டைத் தசைகளின் இயக்கமே தளரக்கூடும்.

சாப்பிடும்போது இருமல், நீர் குடித்தபின் கரகரக்கும் ஈரக் குரல், எடை குறைதல், அடிக்கடி காய்ச்சல் ஆகியவை அறிகுறிகள். இருமலே இல்லாமலும் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம், பேராபத்து அதுதான். இதனால் வரும் நுரையீரல் அழற்சி, முற்றிய மறதிநோயில் இறப்புக்கு ஒரு முக்கியக் காரணம்.

நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாய் மேல்நோக்காதபடி, சிறு கரண்டியால் ஊட்ட வேண்டும். ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்தது. உண்டபின் அரை மணி நேரமாவது படுக்கவிடக் கூடாது. தொலைக்காட்சியை அணைத்துவிட்டால் கவனம் சிதறாது. ரசம் ஊற்றிய உதிரிச் சோறு போல நீரும் பருக்கையும் கலந்தவை கடினம். குழைய மசித்தவை எளிது. நீரைக் கெட்டியாக்கிக் கொடுப்பது சிலருக்கு உதவும், ஆனால் பலர் அதை விரும்பாமல் குடிப்பதையே குறைத்துவிடுவர். ஆகவே விழுங்கல் பயிற்சி நிபுணரைக் கேட்காமல் தொடங்கலாகாது. வாய்ச் சுத்தம் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. வாயில் பெருகும் கிருமிகளே நுரையீரலுக்குள் போகின்றன.

முற்றிய நிலையில் குழாய்வழி உணவு ஆயுளை நீட்டுவதாகவோ நுரையீரல் அழற்சியைத் தடுப்பதாகவோ சான்றில்லை. குழாயைப் பிடுங்காதிருக்கக் கைகளைக் கட்டும் கொடுமையும் சேர்ந்துகொள்கிறது. 2014இல் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் குழாயைத் தவிர்த்து, கையால் பொறுமையாக ஊட்டுவதையே பரிந்துரைத்தது.