தன்னார்வக் கணிமை அணிப் போட்டிகள்

தன்னார்வக் கணிமை அணிப் போட்டி என்பது, பல இடங்களில் வாழும் பொதுமக்கள் தங்கள் சொந்தக் கணினிகளை அறிவியல் ஆய்வுக்கு ஒப்படைத்து, அணிகளாகச் சேர்ந்து, குறித்த காலக்கெடுவுக்குள் எந்த அணி அதிகமான கணக்குகளைப் பிழையின்றி முடிக்கிறது என்று மோதும் நிகழ்வு. பல்சர் தேடல், புரத வடிவங்கள், பெரிய பகா எண்கள், பருவநிலை மாதிரிகள் போன்ற துறைகளின் ஆய்வுகள் இப்படி நடக்கின்றன. மைதானமோ நுழைவுக் கட்டணமோ இல்லை. வெற்றியாளருக்குப் பெரும்பாலும் பணப் பரிசும் கிடையாது. ஆனால் போட்டியில் முடிக்கப்படும் ஒவ்வொரு கணக்கும் ஓர் ஆய்வாளரின் மேசைக்குப் போய்ச் சேர்கிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

1996 ஜனவரியில் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய கிம்ப்ஸ் என்னும் மெர்சென் பகா எண் தேடல், இணையம் வழியே பொதுமக்களின் கணினிகளைத் திரட்டிய முதல் முயற்சிகளில் ஒன்று. 1997-ல் தோன்றிய டிஸ்ட்ரிபியூட்டட் டாட் நெட், மறையீட்டுச் சாவிகளை உடைக்கும் பந்தயங்களில் இறங்கியது. ஆர்சி5-56 சவால் அதே ஆண்டு அக்டோபரில் முடிந்தது. அடுத்து வந்த ஆர்சி5-64 சவால் 2002 ஜூலை வரை நீண்டது. அத்தனை ஆண்டுகள் ஆட்களைத் தக்கவைக்க அணிப் பட்டியலும் அன்றாடத் தரவரிசையும் கைகொடுத்தன.

1999 மே 17 அன்று பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் செட்டி அட் ஹோம் திட்டத்தைத் தொடங்கியது. அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியின் பதிவுகளில் வேற்றுக்கிரக அறிவுயிர்களின் சமிக்ஞை இருக்கிறதா என்று தேடிய இத்திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். 2000-ல் ஸ்டான்ஃபோர்டில் விஜய் பாண்டே, புரத வடிவங்களை ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோம் திட்டத்தைத் தொடங்கினார். 2002-ல் டேவிட் ஆண்டர்சன் தலைமையில் பெர்க்லியில் உருவான பாயிங்க் மென்பொருள், ஒரே கணினியைப் பல ஆய்வுகளுக்குப் பகிர்ந்தளிக்க வழி செய்தது. இன்றைய போட்டிகளில் பெரும்பாலானவை இந்த மேடையில்தான் நடக்கின்றன.

2020 மார்ச் 31 அன்று செட்டி அட் ஹோம் புதிய வேலை அனுப்புவதை நிறுத்தியது. அதே மாதத்தில், கொரோனா வைரஸின் புரதங்களை ஆராயத் திரண்ட தன்னார்வலர்களால் ஃபோல்டிங் அட் ஹோமின் மொத்தத் திறன் ஒரு எக்சாஃப்ளாப்பைத் தாண்டியது. அதாவது நொடிக்கு ஒரு கோடி கோடியைப் பத்தாயிரத்தால் பெருக்கிய அளவுக் கணக்குகள். அன்றைக்கு எந்தத் தனி சூப்பர் கணினியும் அந்த அளவை எட்டியிருக்கவில்லை.

வேலைத்துண்டும் புள்ளியும்

ஆய்வுத் திட்டத்தின் சர்வர் பெரிய கணக்கைச் சிறு வேலைத்துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. பங்கேற்பாளரின் கணினி அதை முடித்து, கெடு தேதிக்குள் விடையைத் திருப்பி அனுப்ப வேண்டும். பல திட்டங்களில் ஒரே துண்டு இரண்டு பேருக்குப் போகும். இருவரின் விடையும் பொருந்தினால்தான் அது ஏற்கப்படும். பொருந்தாவிட்டால் மூன்றாவது ஆளுக்குப் போகும். தவறான விடைக்குப் புள்ளி கிடையாது.

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2010-ல் நடந்த கண்டுபிடிப்பு நல்ல சான்று. ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டம் அரெசிபோவின் பதிவுகளில் பல்சர்களை, அதாவது சுழன்றபடி துடிப்பு அலைகளை அனுப்பும் விண்மீன்களை, தேடிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு ஜூனில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் கணினியும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இன்னொரு கணினியும் சில நாள் இடைவெளியில் ஒரே சமிக்ஞையைப் பிடித்தன. நொடிக்கு 41 முறை சுழலும், சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில் உள்ள அந்தப் பல்சருக்கு பிஎஸ்ஆர் ஜே2007+2722 என்று பெயர். தன்னார்வக் கணிமை கண்டுபிடித்த முதல் பல்சர் அதுதான்.

பாயிங்க் புள்ளியின் அலகு காபிள்ஸ்டோன். செட்டி அட் ஹோம் குழுவில் இருந்த ஜெஃப் காப் பெயரைத் தழுவியது இது. நொடிக்கு நூறு கோடி கணக்குகள் செய்யும் கணினி ஒரு நாள் முழுக்க ஓடினால் 200 காபிள்ஸ்டோன் சேரும். ஒருவர் ஒரு திட்டத்தில் ஒரே நேரத்தில் ஓர் அணியில்தான் இருக்கலாம். அணியை விட்டு விலகினாலும், அதுவரை அவர் ஈட்டித் தந்த புள்ளிகள் அந்த அணியின் கணக்கிலேயே நிற்கும்.

முக்கியப் போட்டிகள்

பாயிங்க் பென்டத்லான்: ஜெர்மனியின் செட்டி ஜெர்மனி அணி 2010 முதல் ஆண்டுதோறும், பெரும்பாலும் மே மாதத்தில், நடத்துவது. இரண்டு வாரத்தில் ஐந்து பிரிவுகள். மாரத்தான் முழு 14 நாளும் ஓடும். ஸ்பிரின்ட் மூன்றே நாள். எந்தப் பிரிவுக்கு எந்த ஆய்வுத் திட்டம் என்பது தொடங்குவதற்குச் சற்று முன்புதான் அறிவிக்கப்படும். அதனால் அணித் தலைவர்கள் ஆட்களையும் கணினிகளையும் பிரிவுகளுக்கிடையே அவ்வப்போது மாற்றி நிறுத்த வேண்டியிருக்கும்.

பிரைம்கிரிட் சவால் தொடர்: பகா எண்களைத் தேடும் பிரைம்கிரிட் திட்டம் ஆண்டு முழுவதும் சில நாள் நீளும் சவால்களை நடத்துகிறது. சவால் தொடங்கிய பிறகு பெற்று, முடியும் முன் திருப்பித் தந்த வேலைத்துண்டுகள் மட்டுமே கணக்கில் சேரும். தனிநபர் பட்டியலும் அணிப் பட்டியலும் தனித்தனியாக வெளியாகும். எல்லா விடைகளும் சரிபார்க்கப்பட்ட பிறகே இறுதி முடிவு வரும். 2016-ல் இத்திட்டம் கண்டறிந்த ஒரு பகா எண்ணில் 93 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன.

ஃபோல்டிங் அட் ஹோம் பாயிங்க்குக்கு வெளியே தனி அணி எண்களோடு இயங்குகிறது. விடையை எவ்வளவு விரைவாகத் தருகிறோமோ அவ்வளவு கூடுதல் புள்ளி என்பது அதன் தனி விதி.

அணியின் உத்திகள்

விலை உயர்ந்த கணினி வைத்திருக்கும் அணிதான் வெல்லும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதுண்டு. நேரக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நிலைமை வேறு. 72 மணி நேரச் சவால் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு கோர் கொண்ட கணினி, கோருக்கு ஒன்று என நான்கு துண்டுகளை ஒரே சமயத்தில் ஓட்டுகிறது. ஒவ்வொன்றும் முடிய 10 மணி நேரம் ஆகிறது என்றால் ஏழு சுற்றில் 28 துண்டுகள் முடியும். எட்டாவது சுற்று இரண்டு மணி நேரத்தோடு நின்றுவிடும். அதே கணினி நான்கு கோர்களையும் ஒரே துண்டுக்குக் கொடுத்து, 2 மணி 15 நிமிடத்துக்கு ஒன்று என முடித்தால் 32 துண்டுகள் தேறும். பெரிய எண்களைக் கையாளும் கணக்குகளில் பிராசசரின் கேஷ் நினைவகம் ஒரு துண்டுக்கே சரியாக இருப்பதால், இரண்டாவது வழி பலமுறை முந்துகிறது. எந்தக் கணினிக்கு எது பொருந்தும் என்பதை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து அறிந்த அணி, பணம் செலவழிக்காமலே மேலே ஏறுகிறது.

பங்கரிங் என்பது இன்னொரு உத்தி. விதி இடம் தரும் போட்டிகளில், முன்னதாகவே துண்டுகளை இறக்கி முடித்து வைத்துக்கொண்டு, போட்டி தொடங்கியதும் மொத்தமாகச் சமர்ப்பிப்பார்கள். எதிரணிக்கு நம் பலம் தெரியாமல் இருக்கும். ஆனால் ஒரே நேரத்தில் குவியும் விடைகளால் ஆய்வுத் திட்டத்தின் சர்வர் திணறுவதும், மற்றவர்களுக்கு விடை ஒப்பிட ஆள் கிடைக்காமல் தாமதமாவதும் உண்டு. ஆய்வுக்குச் சுமையாகும் உத்தியை நல்ல அணிகள் அளவோடுதான் கையாள வேண்டும்.

ஓவர்க்ளாக் செய்து வேகத்தைக் கூட்டும் கணினி சூடேறிப் பிழையான விடை தந்தால் அத்தனை மணி நேர உழைப்பும் வீண். போட்டி முடிந்ததும் கெடுவுக்குள் முடியாத துண்டுகளை அப்படியே விட்டுவிட்டுப் போவதும் முறையல்ல. முடித்துக் கொடுக்கலாம். இயலாவிட்டால் ரத்து செய்து திருப்பினால் சர்வர் அதை வேறு ஒருவருக்கு உடனே அனுப்பிவிடும்.

தமிழகத்துடன் உள்ள தொடர்பு

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. சென்னை மூழ்கியது. அந்தப் பெருமழைக்குப் புவி வெப்பமாதல் காரணமா என்று ஆராய்ந்த பன்னாட்டுக் குழுவில் டெல்லி ஐஐடி ஆய்வாளரும் இருந்தார். அந்தக் குழு பயன்படுத்திய கருவிகளில் ஒன்று, ஆக்ஸ்ஃபோர்டின் கிளைமேட் பிரெடிக்‌ஷன் திட்டத்தின் கிளையான வெதர் அட் ஹோம். 2003 முதல் இயங்கிவரும் கிளைமேட் பிரெடிக்‌ஷன் திட்டத்தில் பருவநிலை மாதிரிகள் தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகளில் ஓடுகின்றன. மனிதரால் வெப்பமேறிய உலகையும், அப்படி வெப்பமேறாத கற்பனை உலகையும் மீண்டும் மீண்டும் ஓட்டி, தெற்காசியாவில் இப்படி ஒரு மழை எத்தனை முறை வருகிறது என்று ஒப்பிட்டார்கள். 2016-ல் அமெரிக்க வானிலைச் சங்கத்தின் இதழில் வந்த முடிவு: அந்த ஒரு நாள் மழையில் புவி வெப்பமாதலின் தாக்கம் கண்டறியப்படவில்லை, காற்றில் உள்ள தூசும் புகைத்துகளும் பசுங்குடில் வாயுக்களின் விளைவை இதுவரை ஈடுகட்டி வந்திருக்கலாம். எதிர்பார்த்ததற்கு மாறான இந்த விடையே ஆய்வின் நேர்மைக்குச் சான்று. முகம் தெரியாத பலரின் வீட்டு மின்சாரம் சென்னை மழையைப் புரிந்துகொள்ளச் செலவாகியிருக்கிறது.

இஸ்ரேலின் டெக்னியான் நிறுவன ஆய்வாளர்கள், அடிப்படை மாறிலிகளுக்குப் புதிய தொடர்பின்ன வாய்பாடுகளைத் தேடும் தங்கள் திட்டத்துக்கு ராமானுஜன் மெஷின் என்று பெயரிட்டனர். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜனின் பெயரில் அமைந்த இதுவும் பாயிங்க் வழியே தன்னார்வலர்களை அழைத்த திட்டம். 1970 முதல் இயங்கும் உதகை ரேடியோ தொலைநோக்கி பல்சர் ஆய்வில் நீண்ட பங்களிப்பு கொண்டது என்பதால், ஐன்ஸ்டைன் அட் ஹோமின் தேடலும் தமிழக மாணவர்களுக்கு அந்நியமானதல்ல.

ஓசூர், கிருஷ்ணகிரிச் சூழல்

தமிழகத்தில் இப்படியோர் அணி அமைய ஏற்ற இடத்துக்கு ஓசூர் வட்டாரம் ஓர் எடுத்துக்காட்டு. 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்து உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தொழில் முகம் ஓசூர். சிப்காட் வளாகம் வந்தபின் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆகியவற்றின் ஆலைகளும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் ஏராளமான சிறு பட்டறைகளும் இங்கே வளர்ந்தன. அண்மைக் காலத்தில் போச்சம்பள்ளி வட்டாரத்தில் மின்சார இருசக்கர வாகன ஆலையும், கூத்தனப்பள்ளியில் மின்னணு ஆலையும் வந்தன. ஜூஜூவாடி எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதற்கு அப்பால் பெங்களூருவின் எலெக்ட்ரானிக் சிட்டி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் இந்த வட்டாரத்தில் கணினி தெரிந்த இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி போன்ற நிறுவனங்களும் இங்கே உள்ளன.

அணிப் போட்டி கேட்கும் ஒழுக்கம் இந்த ஊருக்குப் பழக்கமானது. லைனில் இருந்து இறங்கும் பாகம் தரச் சோதனையில் தேறினால்தான் ஷிப்டு உற்பத்திக் கணக்கில் சேரும். வேலைத்துண்டும் அப்படித்தான்: வேகமாக முடிப்பது பாதி, ரிஜெக்‌ஷன் இல்லாமல் முடிப்பது மீதி.

பென்டத்லான் வழக்கமாக நடக்கும் மே 5 முதல் 19 வரையிலான நாட்கள் அக்னி நட்சத்திரக் காலத்துக்குள் விழுகின்றன. இரவு பகலாக முழு வேகத்தில் ஓடும் கணினி உட்கொள்ளும் மின்சாரம் அனைத்தும் அறையில் வெப்பமாக வெளியேறும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் இரவுகள் சமவெளியைவிடக் குளிர்ச்சியானவை. கிருஷ்ணகிரி நகரம் தாழ்வான இடம் என்பதால் அங்கே சூடு அதிகம். ஒரே மாவட்ட அணி என்றாலும், பகலில் எந்தக் கணினியை நிறுத்துவது, இரவில் எதை ஓட்டுவது என்று பிரித்துத் திட்டமிடுவது நல்லது. உலக நேரப்படி நள்ளிரவில் தொடங்கும் போட்டி இங்கே விடிகாலை 5.30-க்குத் தொடங்கும்.

2011 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் உள்ளன. பழைய மடிக்கணினியை முழுத்திறனில் பல நாள் ஓட்டினால் பேட்டரியும் விசிறியும் கெடும். பாயிங்க் அமைப்புகளில் கோர்களின் எண்ணிக்கையையும் ஓடும் நேரத்தையும் குறைத்துவைத்துப் பயன்படுத்தலாம்.

செலவும் நெறியும்

200 வாட் இழுக்கும் ஒரு கணினி நாளொன்றுக்கு 4.8 யூனிட் மின்சாரம் செலவழிக்கும். மூன்று நாள் ஸ்பிரின்டுக்கு 14 யூனிட், 14 நாள் மாரத்தானுக்கு 67 யூனிட், இரண்டு மாதம் இடைவிடாமல் ஓடினால் 288 யூனிட். தமிழகத்தில் வீட்டு மின் இணைப்புக்கு இரு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதாலும், 500 யூனிட்டைத் தாண்டினால் வீதப் பட்டியலே மாறுவதாலும், போட்டிக்கு முன் வீட்டு மீட்டரைப் பார்த்துவிடுவது அவசியம். ஆண்டு முழுவதும் ஓட்டாமல் போட்டி நாட்களில் மட்டும் ஓட்டுவது நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற வழி.

ஆலை, அலுவலகம், கல்லூரி ஆய்வகம் ஆகியவற்றின் கணினிகளை எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பயன்படுத்தவே கூடாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரியின் கணினி நிர்வாகி, டிஸ்ட்ரிபியூட்டட் டாட் நெட் மென்பொருளை அனுமதியின்றி நிறுவியதற்காகக் கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ் வழக்கைச் சந்தித்தார். 2002-ல் அபராதம், சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு ஆகியவற்றோடு அது முடிந்தது. நல்ல நோக்கம் அனுமதிக்கு மாற்றாகாது.

மதிப்பீடு

அணிப் போட்டிகளை வெறும் புள்ளி வேட்டை என்று ஒதுக்குவது தவறு. தனியாக ஓட்டுபவர் சில வாரங்களில் சலித்து நிறுத்திவிடக்கூடும். அணியில் இருப்பவர் அடுத்த போட்டிக்காகக் கணினியைச் சரிசெய்கிறார், புதியவருக்குக் கற்றுக்கொடுக்கிறார், விடை ஏன் தவறியது என்று தேடிப் பார்க்கிறார். அந்தப் பயிற்சியும் சரிபார்க்கப்பட்ட விடைகளும்தான் தரவரிசை மறைந்த பிறகும் நிற்கும் பலன்கள். சொந்தச் செலவில் சூப்பர் கணினி வாங்க முடியாத ஒரு தொழில் நகரத்தின் மாணவர்களும் தொழிலாளர்களும் உலக ஆய்வில் நேரடியாகப் பங்கேற்கக் கிடைத்த எளிய வழிகளில் இதுவும் ஒன்று.

பாயிங்க் மென்பொருள் இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு ஆகிய நான்கிலும் இயங்குகிறது. அணி தொடங்கக் கட்டணம் இல்லை. ஒரே ஒருவரும் ஓர் அணியைத் தொடங்கலாம்.